பழந்துவக்கின் பூட்டைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பாடசாலைகளில் நடைபெறும் வரலாற்றுக் கண்காட்சிகளில் பழைய காலத்துத் துவக்குகளின் மாதிரிகளை வைப்பது, போரின் காயம் ஆறாத நம் மாவட்டத்துக்குப் பொருந்தாது என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் அண்மையில் எழுதியிருந்தார். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். துவக்கு என்றதும் யாரோ ஒருவருடைய முகம் நினைவுக்கு வராத குடும்பங்கள் திருகோணமலையில் குறைவு. இருந்தபோதிலும், அவர் குறிப்பிட்டது போன்ற மாதிரி ஒன்றைத் தற்போது என் பட்டறையில் செய்துகொண்டிருப்பவன் என்ற வகையில், அந்தப் பொருளில் பிள்ளைகள் பார்க்க வேண்டியது எது, வேண்டாதது எது என்பதை வேறுபடுத்திச் சொல்லும் பொறுப்பு எனக்கு இருப்பதாக நினைக்கிறேன். மாதிரிகளை முற்றாக விலக்க வேண்டியதில்லை. சுட முடியாதவாறு செய்து, அவற்றின் பூட்டை, அதாவது விசையை இழுத்ததும் வெடிமருந்துக்கு நெருப்பூட்டும் பொறியமைப்பை, கழற்றித் திறந்து காட்டும் வழக்கத்தைக் கொண்டுவரலாம் என்பதே என் கருத்து.

நான் தொழிலால் தச்சன். கதவு, யன்னல், அலுமாரி என்று மரத்தோடு பழகிய கைக்கு இரும்பு வேலை புதிது. நகரிலுள்ள பாடசாலையொன்றின் வரலாற்று ஆசிரியை, பிரெட்ரிக் கோட்டையைப் பற்றிய கண்காட்சிக்காக, சக்கிமுக்கிக் கல்லால் இயங்குவதும் வாய்வழியே வெடிமருந்து இடித்து நிரப்புவதுமான பழைய றைபிள் ஒன்றின் மாதிரியைச் செய்து தர முடியுமா என்று கேட்டார். பலகையில் வெட்டிக் கறுப்புச் சாயம் பூசிக் கொடுத்துவிடலாமே என்று என் பட்டறையில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஆசிரியைக்கு வேண்டியது அதுவல்ல. விசையை இழுத்தால், கல்லைக் கவ்வியிருக்கும் குதிரை என்ற கை விழ வேண்டும், கல் உருக்குத் தகட்டில் உரச வேண்டும், பொறி பறக்க வேண்டும். ஆனால் எந்த நிலையிலும் அது சுடக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையையே நாங்கள் முதலில் நிறைவேற்றினோம். குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது துளையே இல்லாத முழு இரும்புத் தண்டு. வாய்ப்புறத்தில் பார்வைக்காக அரை அங்குல ஆழக் குழி ஒன்று மட்டும் உண்டு. மருந்துக் கிண்ணியிலிருந்து குழாயின் உள்ளே நெருப்பைக் கொண்டுசெல்லும் பற்றுவாய்த் துளையும் இடப்படவில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கும் நாட்டில், உரிமம் இல்லாமல் துவக்குச் செய்வது குற்றம் என்பதை யாரும் எனக்கு நினைவூட்டத் தேவையில்லை. வேலையைத் தொடங்குமுன், செய்யப்போவது என்ன, செய்யாமல் விடப்போவது என்ன என்பதை எழுத்தில் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்துவிட்டே தொடங்கினோம்.

கோட்டைக்கும் இந்தப் பூட்டுக்கும் உள்ள தொடர்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1624இல் போர்த்துக்கேயர் கோணமலையில் கோட்டை கட்டியபோது படைவீரர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் திரியில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பால் சுடும் துவக்குகள். மழையும் கடற்காற்றும் அடிக்கும் இடத்தில் எரிகிற திரியை அணையாமல் காப்பது எவ்வளவு தொல்லை என்பதை மார்கழியில் டச்சுக்குடாப் பக்கம் நின்றவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். 1782இல் ஜனவரியில் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்து, அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனிடம் இழந்தபோது, இரு தரப்பும் ஏந்தியிருந்தவை சக்கிமுக்கித் துவக்குகள். 1795இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து அதை மீண்டும் எடுத்ததும், 1803இல் யோர்க் கோமகனின் பெயரால் அதற்குப் பிரெட்ரிக் கோட்டை என்று பெயரிட்டதும் இந்தப் பூட்டின் காலத்திலேயே. பிரித்தானியப் படை அதைக் கைவிட்டுத் தட்டினால் வெடிக்கும் மருந்து அடைத்த சிறு மூடியால் சுடும் துவக்குகளுக்கு மாறியது 1840ஆம் ஆண்டை ஒட்டித்தான். ஆக, அந்தக் கோட்டையின் வரலாற்றில் மிக நீண்ட ஒரு பகுதி, உள்ளங்கை அகலமுள்ள ஓர் இரும்புப் பொறி ஒழுங்காகப் பொறி தெறிக்குமா தெறிக்காதா என்பதில் தங்கியிருந்தது. பீரங்கியைப் பார்க்கும் பிள்ளைக்கு அதன் வேலை பார்த்தவுடன் விளங்கிவிடும். இந்தப் பூட்டின் வேலை வெளியிலிருந்து பார்த்தால் விளங்காது.

ஆசிரியை தெரிவுசெய்தது, இலண்டனில் தொழில் செய்த இசக்கியல் பேக்கர் வடிவமைத்து, 1800ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட றைபிளின் வடிவம். கோட்டைக் காவலில் நின்ற சாதாரணச் சிப்பாயின் கையில் இருந்திருக்கக்கூடியது உட்புறம் வழவழப்பான, 39 அங்குலக் குழாயுள்ள மஸ்கட்டே. ஆனால் பேக்கரின் றைபிளுக்குக் குழாய் 30 அங்குலம் மட்டுமே என்பதால், வகுப்பறை மேசையில் அடங்கும். அதன் குழாயின் உட்புறத் திருகு வரிகளைக் கொண்டு கணித ஆசிரியரும் ஒரு பாடம் நடத்தலாம் என்பது ஆசிரியையின் கணக்கு. அது நல்ல கணக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மரவேலையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, அது எனக்குப் பழகியது. ஐரோப்பியர் இதற்கு வால்நட் மரத்தைப் பயன்படுத்தினார்கள். நான் எடுத்தது, இடிக்கப்பட்ட பழைய வீடொன்றிலிருந்து கிடைத்த முதிரை வளை. பல ஆண்டுகள் ஓட்டுக்கூரையின் கீழ் காய்ந்த மரம் இனிச் சுருங்காது, திருகாது. அதன் இழை ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் சீவுளி பட்ட இடமெல்லாம் பிய்ந்து வரும். உடைந்த கண்ணாடித் துண்டாலும் தகட்டாலும் சுரண்டித்தான் முகத்தை நேராக்க முடிந்தது. புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் கவனிக்க வேண்டியது கைப்பிடிக் கழுத்து. அந்த இடத்தில் மரம் ஒடுங்கி வளைவதால், இழை கழுத்தின் ஓட்டத்தோடு ஓடும்படி பலகையை முதலிலேயே திருப்பி வைத்து வரைய வேண்டும். இழை குறுக்கே ஓடினால், தூக்கி வைக்கும்போதே முறியும்.

பூட்டுத் தகட்டை மரத்தில் பதிக்கும் வேலையில்தான் தச்சனுக்கும் புதிய பாடம் இருந்தது. தகட்டின் பின்புறம் தட்டையானதல்ல. வில், சுழலும் காய், அதைத் தாங்கும் பாலம், திருகாணித் தலைகள் எல்லாம் வெவ்வேறு உயரத்தில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் மரத்தில் இடம் தோண்ட வேண்டும். அதேவேளை தேவைக்கு மேல் ஒரு மயிரிழைகூடத் தோண்டக்கூடாது, ஏனெனில் அந்த இடத்தில் மரத்தின் சுவர் ஏற்கெனவே மெல்லியது. அளந்து தோண்டுவது இங்கே உதவாது. பழைய துவக்குத் தச்சர்கள் கையாண்ட வழி விளக்குக்கரி. மண்ணெண்ணெய்க் கைவிளக்கின் புகையைத் தகரத்தில் பிடித்து, அந்தக் கரியைச் சிறிது தேங்காயெண்ணெயில் குழைத்து, பூட்டின் பின்புறம் முழுவதும் மெல்லியதாகப் பூச வேண்டும். பூட்டை மரத்தில் அழுத்தி எடுத்தால், எங்கெங்கே இரும்பு மரத்தைத் தொடுகிறதோ அங்கெல்லாம் கறுப்புப் படியும். கறுப்பை மட்டும் உளியால் எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். இப்படியே செய்துகொண்டு போனால், கடைசியில் தகட்டின் விளிம்புக்கும் மரத்துக்கும் இடையே கடதாசித் துண்டும் நுழையாத நிலை வரும். வேலையை விரைவுபடுத்த வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கிறைண்டரை இந்த இடத்துக்குக் கொண்டுவராதிருப்பது நல்லது.

இரும்பு வேலையில் முதலில் வந்த சிக்கல் அளவு பற்றியது. குதிரை என்பது கல்லைக் கவ்வி நிற்கும் வளைந்த கை. அதன் அடியில் உள்ள சதுரத் துளை, பூட்டுக்குள் சுழலும் காயின் சதுர முனையில் இறுக்கமாக உட்கார வேண்டும். அந்தச் சதுரம் சற்றே திரும்பியிருந்தாலும், குதிரை தவறான இடத்தில் நின்றுவிடும். கல் உருக்குத் தகட்டின் மேல்விளிம்புக்கு மேலாகப் போகும், அல்லது கீழே கிண்ணியில் முட்டி உடையும். கல் உருக்கின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் முதலில் பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி முகம் முழுவதையும் சுரண்டிக்கொண்டு வர வேண்டும் என்பது பொதுவான விதி. இதை இரும்பில் செய்து பார்த்துத் திருத்துவதென்றால் இரும்பு மிஞ்சாது. அதனால் கதவு நிலைக்குச் செய்வது போலவே பிளைவூட் பலகையில் பூட்டை முழு அளவில் வரைந்தேன். குதிரை, உருக்கு, அவற்றின் அச்சுகள் ஆகியவற்றைப் பித்தளைத் தகட்டில் வெட்டி, அச்சு வரும் இடங்களில் ஆணி அடித்து, பலகையின் மேலேயே சுழலவிட்டேன். கல்லுக்குப் பதிலாக ஒரு பென்சில் துண்டு. குதிரையை விரலால் தள்ளினால், கல் போகும் வழியைப் பென்சில் பலகையில் வளைகோடாக வரைந்து காட்டிவிடும். அந்தக் கோடு உருக்கின் முகத்தை எங்கே சந்திக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பிறகு, அச்சை எங்கே நகர்த்துவது, சதுரத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் சந்தேகமே எழவில்லை. கண்காட்சிக்கு இந்தப் பலகையையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உண்மையான பூட்டைவிடப் பிள்ளைகளுக்கு இதுவே அதிகம் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்தது பொறி. பூட்டு முழுமையாகப் பொருந்தி, குதிரை சரியான இடத்தில் விழுந்து, கல் உருக்கின் மேல் கீறலும் விட்ட பிறகும், பொறி ஒன்றிரண்டு மட்டும் செத்துப்போனது போல விழுந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் கல்லைத்தான் குறை சொன்னார்கள். கல்லில் நெருப்பு இருக்கிறது என்று நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறோம். உண்மையில் எரிவது கல் அல்ல, உருக்கு. கல்லின் கூர்விளிம்பு உருக்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சீவல்களைச் சுரண்டி எடுக்கிறது. சுரண்டும்போது பிறக்கும் வெப்பத்தில், புதிதாகத் திறந்த இரும்பு காற்றோடு சேர்ந்து எரிகிறது. இதை 1665ஆம் ஆண்டிலேயே ஆங்கில அறிவியலாளர் ரொபர்ட் ஹூக் எழுதிவிட்டார். கல்லும் உருக்கும் மோதிய இடத்தின் கீழே வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, விழுந்த கரும்புள்ளிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அவை உருகி உருண்ட இரும்புக் குண்டுகளாக இருந்தனவாம். அதே 1665இல்தான் ஒல்லாந்தர் நம்முடைய கோட்டையைத் திரும்பக் கட்டினார்கள் என்பது ஒரு தற்செயலான பொருத்தம். நாங்களும் கடதாசியை விரித்துப் பார்த்தோம். பொறி என்று பறந்தது, கடதாசியில் மிளகுத் தூளைவிட நுண்ணிய கரும்புள்ளிகளாகக் கிடந்தது. கடதாசியின் அடியில் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை நகர்த்தினால் புள்ளிகள் அதன் பின்னே ஊர்ந்தன. உருப்பெருக்கும் கண்ணாடியில் சில முழு உருண்டையாகவே தெரிந்தன. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் இதைக் கண்டால், எரிதல் என்றால் என்ன என்பதை அவனுக்குப் புத்தகத்தில் தேடிக் காட்ட வேண்டியதில்லை.

எரிவது உருக்கு என்று தெரிந்துவிட்டால் பிழை எங்கே என்பதும் தெரிந்துவிடும். ஹாட்வெயார் கடையில் விற்கும் சாதாரண இரும்புத் தகட்டில் கரி மிகக் குறைவு. 100 பங்கில் ஏறத்தாழ கால் பங்கோ அதற்கும் குறைவோதான். அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. கடினமாகாத முகத்தில் கல் கீறுமேயன்றிச் சீவாது. ஒரு அரத்தை எடுத்து முகத்தில் தேய்த்துப் பார்த்தால் போதும்: அரம் கடித்தால் முகம் மென்மையானது; அரம் வழுக்கினால் கடினமானது. அரம் செய்யும் உருக்கில் கரி 100இல் ஒரு பங்களவு இருப்பதால், தேய்ந்துபோன பழைய அரம் ஒன்றையே உருக்குத் தகட்டின் முகமாக வைத்துப் பொருத்துவதென்று முடிவுசெய்தோம். இங்கிலாந்திலும் மென்மையான இரும்பில் தகட்டைச் செய்து, கல் படும் முகத்துக்கு மட்டும் உருக்குத் துண்டு பொருத்தும் வழக்கம் இருந்தது. எலும்புக்கரியும் தோற்கரியும் நிரப்பிய பெட்டிக்குள் இரும்பை அடைத்து நெடுநேரம் சிவக்கக் காய்ச்சினால், மேற்புறத்தில் கரி ஊறிக் கடினமாகும் என்பதும் உண்மையே. ஆனால் அதற்கு வேண்டிய உலையும் விறகும் பொறுமையும் எங்களிடம் இல்லை.

துவைச்சல் போடுவதற்காக, அதாவது உருக்கைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவதற்காக, தம்பலகாமத்தில் உள்ள வயது முதிர்ந்த கொல்லர் ஒருவரிடம் போனேன். மண்வெட்டி, கத்தி, கோடரி தவிர வேறெதுவும் செய்யாதவர். வேறெதுவும் செய்ய விரும்பாதவரும்கூட. பூட்டு எதற்கென்று விளக்கி, துளையில்லாத தண்டைக் காட்டிய பிறகுதான் உலைக்கு நெருப்பிட்டார். நான் போனது நண்பகல். "தம்பி, வெயிலுக்குள்ள இரும்பின்ர நிறம் பொய் சொல்லும். பொழுது படட்டும்" என்று இருக்கச் சொன்னார். அவர் சொன்னதன் நியாயம் மாலையில் விளங்கியது. இரும்பு ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் காந்தத்துக்கு இழுபடுவதை விட்டுவிடும். அதற்குச் சற்று மேல் போன பின்பே தோய்க்க வேண்டும், மிகவும் மேலே போனால் உருக்கின் மணி பருத்து நொறுங்கும் தன்மை வரும். இந்த இடைவெளி குறுகியது. அவர் அதை நிறத்தைப் பார்த்தே சொன்னார். நான் கம்பியில் கட்டிய காந்தத்தால் சோதித்துக்கொண்டேன், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. தோய்த்து எடுத்த முகம் கண்ணாடித் தன்மை கொண்டது. அப்படியே விட்டால் வெடிக்கும். மணலால் தேய்த்து வெளுப்பாக்கி மெதுவாகச் சூடேற்றினால் முகத்தில் நிறங்கள் ஊர்ந்து வரும். வைக்கோல் மஞ்சள் தோன்றிய கணத்தில் நிறுத்த வேண்டும். அது ஏறத்தாழ 220 பாகை. அவ்வளவு செய்த பிறகு பூட்டு கொட்டிய பொறியைப் பார்த்து, முன்பு கல்லைக் குறை சொன்னவர்கள் மௌனமானார்கள்.

வில்லுக்கு இதே உலை, வேறு நிறம். பூட்டில் மூன்று விற்கள் உண்டு: குதிரையை ஓட்டும் பெரிய வில், அதைத் தடுத்து நிறுத்தும் நாக்குக்கு ஒன்று, உருக்குத் தகட்டை மூடியும் திறந்தும் பிடிக்க ஒன்று. மூன்றும் நடுவில் மடித்த தட்டை விற்கள், சுருள் அல்ல. வாகனங்களின் பழைய வில்லுத் தகட்டிலிருந்து வெட்டி, சிவந்த நிலையில் மடித்து, நீளத்தோடு நீளமாக அரமிட்டு, குறுக்குக் கீறல் ஒன்றும் இல்லாமல் மெருகிட வேண்டும். குறுக்குக் கீறல் இருக்கும் இடத்தில்தான் வில் முறியும். இதைத் தண்ணீரில் தோய்ப்பது ஆபத்து. எண்ணெயில் தோய்த்து, பிறகு மஞ்சளைத் தாண்டி, ஊதாவைத் தாண்டி, 300 பாகையை ஒட்டி நீலம் வரும்வரை சூடேற்ற வேண்டும். மூன்று விற்களின் பலமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது தனியொரு சங்கடம். பெரிய வில் மிகப் பலமாக இருந்தால் கல் சில அடிகளிலேயே நொறுங்கும். உருக்குத் தகட்டின் வில் பலமாக இருந்தால் தகடு திறக்க மறுக்கும், மெலிந்தால் திறந்த தகடு திரும்பி வந்து கல்லிலேயே மோதும். இங்கே எந்த அளவுப் பட்டியலும் உதவவில்லை. அரத்தால் சிறிது சிறிதாக மெலித்து, கையால் இயக்கிப் பார்த்துத்தான் ஒத்துவரச் செய்ய முடிந்தது.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் சக்கிமுக்கிக் கல் சுண்ணப் படிவங்களுக்குள் கட்டி கட்டியாகக் கிடைக்கிறது. இங்கிலாந்தின் பிராண்டன் என்ற ஊரில் அதைத் துவக்குக்கு ஏற்ற சதுரத் துண்டுகளாகத் தட்டி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் இருந்தன. நம் தீவின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறை. இங்கே எளிதில் கைக்கு வருவது குவார்ட்ஸ் எனப்படும் வெண்பளிங்குக் கல். அதுவும் உருக்கைச் சீவும். ஆனால் தாறுமாறாக உடைவதால் கூர் நிலைக்காது. பழங்கால மனிதர் இத்தீவில் சிறு கற்கருவிகளைப் பளிங்கிலேயே பெரும்பாலும் செய்தார்கள் என்று தொல்லியலாளர்கள் சொல்வதை நினைத்தால், அவர்களுடைய கைத்திறனுக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது. இறுதியில் வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் அனுப்பிய கற்களையே பயன்படுத்தினோம். குதிரையின் தாடையில் கல்லை வெறுமனே வைத்து இறுக்கினால் உடையும். மெல்லிய தோலில் சுற்றி, அதன் விளிம்பு உருக்கின் முகத்துக்கு இணையாக நிற்கும்படி இறுக்க வேண்டும்.

திருகாணிகள் சிறு தொல்லைதான். இங்கிலாந்தில் திருகின் அளவுகளை ஒழுங்குபடுத்தும் யோசனையை விட்வர்த் முன்வைத்தது 1841இல். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறையும் தன் அச்சில் வெட்டியது. நாங்கள் மில்லிமீற்றர் அளவிலேயே செய்துவிட்டோம், தலையை மட்டும் பழைய வடிவில் அரமிட்டோம். வெளியிலிருந்து பூட்டைப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது.

வரிகளுக்கு வருகிறேன். றைபிள் என்பது உட்புறத்தில் திருகு வரிகள் வெட்டிய குழாய். வரி குண்டைச் சுழற்றி நேரே போகச் செய்கிறது. பேக்கரின் குழாயில் ஏழு வரிகள், 30 அங்குல நீளத்துக்கு அவை கால் சுற்று மட்டுமே திரும்புகின்றன. அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 120 அங்குலம் வேண்டும். எங்கள் தண்டில் துளையே இல்லாததால் வரியும் இல்லை. அதற்குப் பதிலாக, கைப்பிடி அளவுள்ள மர உருளை ஒன்றைக் கடைந்து, அதன் மேற்புறத்தில் அந்த ஏழு வரிகளையும் வெட்டியிருக்கிறேன். திருகை எப்படி வரைவது என்று யோசித்தபோது கணித ஆசிரியர்தான் வழி சொன்னார். உருளையின் நீளம் ஒரு பக்கமாகவும் சுற்றளவின் கால் பங்கு மற்றப் பக்கமாகவும் வரும் செங்கோண முக்கோணத்தைக் கடதாசியில் வெட்டி உருளையில் சுற்றினால், கர்ணம் தானாகவே திருகாகிவிடும். படிகளின் கைப்பிடி வளைவுக்குத் தச்சர்களாகிய நாங்கள் இதையே கண்ணளவாகச் செய்துவந்திருக்கிறோம், முக்கோணம் என்று தெரியாமல்.

இனி வாசகரின் ஆட்சேபத்துக்கு வருகிறேன். நம் மாவட்டத்தின் காட்டோரக் கிராமங்களில் வாய்வழியே மருந்து இடிக்கும் இடியன் துவக்கும், விலங்கு தட்டினால் தானே வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கும் இன்னமும் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். காட்டுப்பன்றிக்கென்று கட்டிய துவக்கில் யானைகள் கால் ஊனமாவதும், விறகுக்குப் போன மனிதர் அடிபடுவதும் பழைய செய்திகள் அல்ல. அவற்றை நான் ஒருபோதும் நியாயப்படுத்தமாட்டேன். ஆனால் அவற்றைச் செய்பவர்களுக்கு நான் மேலே விவரித்த பூட்டு தேவைப்படுவதில்லை; சக்கிமுக்கிப் பூட்டைப் பார்த்து ஒருவன் கட்டுத்துவக்குச் செய்யக் கற்றுக்கொள்வான் என்பது நடக்காத காரியம். ஒரு துவக்கில் கொல்வது குழாயும் மருந்தும். பூட்டில் இருப்பது நெம்புகோல், வில், உராய்வு, எரிதல் ஆகியவை மட்டுமே. இவை அனைத்தும் பாடசாலை விஞ்ஞானப் பாடத்திட்டத்துக்குள் வருபவை. முழு வடிவில், மெருகிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் சாய்த்து வைத்த துவக்கு, பிள்ளைக்கு வீரத்தை நினைவூட்டக்கூடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. கழற்றி மேசையில் பரப்பி வைத்த பூட்டு அப்படி எதையும் நினைவூட்டாது.

இத்தீவின் கைவினைஞர்களுக்கு இந்தத் தொழிலில் பெரும் பெயர் இருந்தது என்பதும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படாத செய்தி. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஒல்லாந்துப் பயணி லின்ஷோட்டன், சிங்களக் கொல்லர்கள் செய்த துவக்குக் குழாய்களை வெகுவாகப் புகழ்ந்திருக்கிறார். கண்டி இராச்சியத்துத் துவக்குகளில் பூட்டு ஐரோப்பிய வழக்கத்துக்கு மாறாக இடப்புறத்தில் இருக்கும். 1765இல் ஒல்லாந்துப் படை கண்டியிலிருந்து எடுத்துச் சென்ற பொருட்களை நெதர்லாந்து அரசு 2023இல் திருப்பித் தந்தபோது, அழகிய சிறு பீரங்கியையும் வாள்களையும் பற்றியே எல்லோரும் எழுதினார்கள். அவற்றோடு வந்த மகா துவக்கு எனப்படும் இரண்டு பெரிய துவக்குகளைப் பற்றி எழுதியவர் குறைவு. கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அந்தப் பூட்டுகளின் முன் சிறிது நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கண்காட்சி நடத்துவோர் பின்பற்றத்தக்க சில கட்டுப்பாடுகளையும் முன்வைக்கிறேன். தண்டில் துளையோ பற்றுவாயோ இல்லை என்பதை எவரும் கையால் தொட்டுச் சோதிக்கும்படி மாதிரி இருக்க வேண்டும். வெடிமருந்தோ தீக்குச்சி மருந்தோ கட்டடத்துக்குள்ளேயே வரக்கூடாது. பொறி பற்றுவதைக் காட்ட வேண்டுமானால் கருக்கிய பருத்தித் துணி போதும், அது கனலுமே தவிர வெடிக்காது. குதிரையை ஆசிரியர் மட்டுமே இயக்க வேண்டும், முன்வரிசையில் நிற்பவர்களுக்குக் கண்ணாடி அணிவிக்க வேண்டும், ஏனெனில் கல்லின் சில்லு தெறிக்கும். எந்தப் பிள்ளையும் அதைத் தோளில் வைத்துக் குறிபார்த்துப் படம் எடுக்க அனுமதிக்கக்கூடாது. இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டில் ஆட்சேபம் எழுதிய வாசகருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இராது. கண்காட்சி முடிந்ததும் பூட்டைத் தண்டிலிருந்து கழற்றி விஞ்ஞான கூடத்தில் வைப்பதென்று பாடசாலை முடிவுசெய்திருக்கிறது.

பூட்டின் முழு அளவு வரைபடமும், பித்தளைத் தகடுகள் பொருத்திய அந்தப் பிளைவூட் பலகையும் ஆசிரியையிடம் உள்ளன. மாவட்டத்தின் வேறு பாடசாலைகளுக்கோ தொழில்நுட்பக் கல்லூரிக்கோ தேவைப்பட்டால், தங்கள் அலுவலகத்தின் ஊடாக எழுதிக் கேட்டால் பிரதி எடுத்துத் தருவோம். குழாய்க்கு வரைபடம் எதையும் நாங்கள் வரையவில்லை, வரையப்போவதும் இல்லை.

இப்படிக்கு,
தச்சுத் தொழிலாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.